தனேஷின் கட்டில்

நாலாங்கட்டைத் தோட்டம் இப்போது பெயரளவில்தான் தோட்டம். ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். பிறகு செம்பனையிலும் பாதியை அழித்து வரிசை வீடுகள் கட்டினார்கள். லகாட் பக்கமிருந்து வருகிறவர்கள் அந்த வீடுகளைத் தாண்டி, ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய குட்டையைச் சுற்றிக்கொண்டு போனால் ஒரு மேடு வரும். அங்கேதான் இடுகாடு. பழைய தோட்டத்தில் மிச்சமிருப்பது அதுவும், அதைப் பார்த்துக்கொள்ளும் மாயாண்டியும்தான்.

நவமணி தினமும் காலையில் அங்கே போய்க்கொண்டிருந்தாள். அவளுடைய ஒரே மகன் தனேஷை அங்கே புதைத்திருந்தார்கள். கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து, அங்கேயே கூட்டாளிகளோடு வாடகைக்குத் தங்கியிருந்தவன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மழையில் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தபோது, முச்சந்தியில் திரும்பிய செம்பனைக்குலை ஏற்றிய லோரி அவனைக் கவனிக்கவில்லை. வயது இருபத்து நாலு.

அன்று அவனை வரச் சொன்னது அவன் அப்பா கார்த்திகேசு. மறுநாள் பீடோரில் அவருடைய அக்கா புஷ்பலதாவின் மகளுக்குப் பரிசம். எல்லோரும் ஒன்றாகப் போய் நிற்க வேண்டும் என்று போன் செய்து கூப்பிட்டிருந்தார். மருத்துவமனையில், டாக்டர் வெளியே வந்து சொல்லிவிட்டுப் போன பிறகு, நவமணி புருஷனைத் திரும்பிப் பார்த்து, "நீங்கதானே கூப்பிட்டீங்க" என்றாள். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. வேறு பேச்சும் வீட்டில் குறைந்து போனது. சோறு இருக்கு, கரண்டு பில் வந்திருக்கு, கேட்டைப் பூட்டியாச்சா, அவ்வளவுதான்.

கார்த்திகேசு மெங்கிலம்பில் ஒரு கிடங்குக்குக் காவலர். இரவு வேலை. காலையில் அவர் வீடு வந்து சேருவதற்குள் நவமணி கிளம்பிப் போயிருப்பாள். அவள் வெயில் ஏறித் திரும்பும்போது அவர் கூடத்துச் சோபாவில் சுருண்டு படுத்திருப்பார். புதைத்த நாளுக்குப் பிறகு அவர் இடுகாட்டுப் பக்கம் வந்ததே இல்லை. அவளும் கூப்பிடவில்லை.

அங்கே அவள் செய்வது பெரிய காரியம் ஒன்றுமில்லை. லாலாங் புல்லைப் பிடுங்குவாள். மழை அரித்துக் கொண்டுபோன மண்ணை மறுபடி மேட்டின்மேல் இழுத்துப் போடுவாள். கை ஓயவில்லை என்றால் பக்கத்துக் குழிமேட்டையும் சுத்தம் செய்வாள். அதற்கு வேண்டிய சாமான்கள் மாயாண்டியின் பொண்டோக்கில் இருந்தன. தகரக் கூரையும் மூன்று பக்கம் பலகையும் வைத்து அடித்த கொட்டகை அது. மண்வெட்டிகள், கடப்பாரை, பாராங் கத்தி, புல்வாரி, அரிவாள் எல்லாம் உள்ளே ஒரு மூலையில் எறிந்தது எறிந்தபடி குவிந்து கிடக்கும். ஒன்றைப் பிடித்து இழுத்தால் மூன்று சேர்ந்து வரும்.

ஒருநாள் அவள் புல்வாரியை இழுத்தபோது மேலே கிடந்த பாராங் சரிந்து வந்து அவள் புறங்காலில் விழுந்தது. கிளினிக்கில் தையல் போட்டார்கள்.

"என்கிட்ட சொல்லியிருந்தா எடுத்துக் குடுத்திருப்பேன்ல" என்று மாயாண்டி கடிந்துகொண்டார். "என்னா அவசரம் தங்கச்சி? இங்க யாரு எந்திரிச்சு ஓடிறப் போறா?"

அவர் பேச்சு எப்போதும் அப்படித்தான். பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுத்த காலத்தில் மாரடைப்பில் மனைவியைப் பறிகொடுத்தவர். தோட்டம் போன பிறகு இடுகாட்டிலேயே தங்கிவிட்டார். சாயங்காலமானால் குடிப்பார். காலையில் குழி வெட்ட ஆள் சேர்ப்பார்.

கால் ஆறி நவமணி மறுபடி போக ஆரம்பித்த வாரம், வரிசை வீடுகளிலிருந்து ஒரு சாவு வந்தது. குழியை முன்னமே வெட்டி வைத்திருந்தார்கள். பெட்டியை இறக்கினார்கள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து ஒரு பிடி மண் போட்டுவிட்டு விலகினார்கள். இனி மூட வேண்டியதுதான். ஆனால் வெளியே ஒரு மண்வெட்டிதான் இருந்தது. மற்றதைத் தேடி இரண்டு பேர் பொண்டோக்குக்குள் போனார்கள். இழுத்தார்கள், தள்ளினார்கள். கடப்பாரை வாளிமேல் விழுந்து உருண்டது.

"சங்குல் எங்கலா? நேத்து நீதானே கடைசியா வச்ச?"

"நான் வெளியதான் வச்சேன். உள்ள எவன் தூக்கிப் போட்டான்?"

இறந்தவனின் மனைவி சின்ன வயசுக்காரி. குழி ஓரத்தில் உட்கார்ந்து சத்தம் வந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகைகூட நின்றுபோயிருந்தது. கடைக்காரன் உள்ளே போய்ச் சாமான் எடுத்து வரட்டும் என்று காத்திருக்கிறவள் மாதிரி இருந்தாள்.

நவமணி பிடுங்கிக்கொண்டிருந்த புல்லை விட்டுவிட்டு எழுந்தாள். தனேஷுக்கும் இப்படித்தான் தேடினார்கள். அன்றைக்கு யார் வந்தார்கள், யார் தன்னைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்பதெல்லாம் அவளுக்குச் சரியாக ஞாபகம் இல்லை. இரும்போடு இரும்பு இடிபட்ட அந்தச் சத்தம் மட்டும் காதிலேயே தங்கிவிட்டது.

எல்லோரும் போன பிறகு அவள் மாயாண்டியிடம் வந்தாள்.

"அண்ணே, இந்தச் சாமானுக்கெல்லாம் ஒரு ரேக் அடிச்சா என்ன?"

"அடிக்கலாம். பலகைக்கு எங்க போறது? கமிட்டிகிட்ட கேட்டா அடுத்த மீட்டிங்ல பேசுவோம்னு சொல்லுவாங்க. அடுத்த மீட்டிங் எப்பன்னு அவங்களுக்கே தெரியாது."

"பலகை நான் கொண்டாரேன்."

"அடிக்கத் தெரியுமா ஒனக்கு?"

"தெரியாது. மரச்சாமான் பேக்டரில வேலை செஞ்சிருக்கேன். தேய்க்கிற செக்சன். அடிக்கிறதை ஒரு ஓரமா நின்னு பார்த்ததுதான்."

மாயாண்டி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கொண்டா பார்ப்போம்" என்றார்.

பலகையைக் கடையில் வாங்கியிருக்கலாம். வாங்க முடியாத நிலைமையும் இல்லை. ஆனால் பலகை என்று நினைத்ததுமே அவளுக்குத் தோன்றியது தனேஷின் கட்டில். தோன்றிய பிறகு வேறு எதுவும் மனசில் நிற்கவில்லை.

தனேஷ் இடைநிலைப்பள்ளிக்குப் போன வருஷம் அவள் வேலை பார்த்த தொழிற்சாலையிலிருந்தே வாங்கிய ஒற்றைக் கட்டில் அது. மெராந்தி மரம். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவளும் அவளேதான். அவன் கமுந்திங் போன பிறகும் சனி ஞாயிறுக்கு என்று விரித்து வைத்திருந்தாள். அவன் செத்த பிறகும் விரித்து வைத்தாள். தினமும் தூசி தட்டுவாள், விரிப்பை நீவி விடுவாள். மறுநாள் பார்த்தால் விரிப்பு மறுபடி லேசாகக் கசங்கியிருக்கும். தான் சரியாக இழுத்துவிடவில்லை என்று நினைத்துக்கொள்வாள். ஆள் இல்லாத கட்டிலைத் தினமும் சரிசெய்து சரிசெய்து அவளுக்கு அலுத்துவிட்டது. அலுப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. அந்த அறைக்குள் போய் வந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. அந்த மரம் அவனுக்குப் பக்கத்திலாவது போய் நிற்கட்டும் என்று நினைத்தாள்.

ஒரு புதன்கிழமை கார்த்திகேசுவின் கூட்டாளிக்கு உடம்பு சரியில்லை. அந்த ஆளின் பகல் காவலையும் சேர்த்துப் பார்த்துவிட்டு மாலைதான் வருவேன் என்று போனில் சொன்னார். நவமணி மெத்தையைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்தாள். திருகாணிகளைக் கழற்றினாள். சில துருப்பிடித்து இறுகிப் போயிருந்தன. எண்ணெய் விட்டுக் காத்திருந்து திருப்பினாள். தலைமாட்டுப் பலகையில் ஓர் இடம் மட்டும் கறுத்து வழுவழுப்பாக இருந்தது. தலையணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு போன் பார்ப்பானே, அவன் தலை எண்ணெய். அதை மட்டும் அவள் தொடவில்லை. பலகையை அப்படியே துணியில் சுற்றினாள்.

மாயாண்டி பக்கவண்டி கட்டிய தன் பழைய மோட்டாரில் வந்தார். இரண்டு நீளச் சட்டங்கள், தலைமாடு, கால்மாடு, குறுக்குச் சட்டங்கள், எல்லாவற்றையும் ரப்பர் வாரால் இறுக்கிக் கட்டினார். நல்ல மரம் என்று மட்டும் சொன்னார். யாருடையது என்று கேட்கவில்லை.

இடுகாட்டில் அவர் ஒரு ரம்பமும் சுத்தியலும் உளியும் எடுத்துக் கொடுத்தார். நவமணி மனசுக்குள் போட்டு வைத்திருந்த கணக்கு எளிமையானது. நீளச் சட்டங்கள் இரண்டும் நட்டமாக நிற்கும். தலைமாட்டுப் பலகையும் கால்மாட்டுப் பலகையும் மேலேயும் நடுவிலும் குறுக்கே வரும். அவற்றின் முன்விளிம்பில் பள்ளம் பள்ளமாக வெட்டினால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு பிடி போய் உட்காரும்; இரும்புத் தலை மேலே தொங்கும். அடியில் குறுக்குச் சட்டங்களை வைத்து ஒரு தொட்டி மாதிரி அடித்தால் கடப்பாரையும் பிடிகளின் நுனியும் தரையில் படாமல், வழுக்காமல் இருக்கும்.

நினைத்தது மாதிரி அறுப்பது வரவில்லை. கோடு போட்ட இடத்தை விட்டு ரம்பம் ஓடியது. நட்டச் சட்டங்களில் ஒன்று ஒரு விரற்கடை குட்டையாகிப் போனது. முதலில் வெட்டிய பள்ளத்தில் புல்வாரியின் பிடி போனது, மண்வெட்டியின் பிடி போகவில்லை. ஒரே பிடியை வைத்து அளந்திருக்கிறாள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பருமன் என்பது அப்போதுதான் உறைத்தது. உளியால் அகலப்படுத்தினாள். கையில் கொப்புளம் வந்தது.

மாயாண்டி கொஞ்ச நேரம் மரத்தடியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். தலைமாட்டுப் பலகை பாதி அறுபட்டிருந்தபோது, "கட்டில்தானே இது?" என்றார்.

"ஆமாண்ணே."

"யாரோட கட்டிலு?"

"தனேஷோடது."

மாயாண்டி கையை எடுத்தார். பலகை ஒரு பக்கம் தொங்கியது. செத்தவர்களின் கட்டிலையும் பாயையும் ஜனங்கள் குட்டை ஓரத்தில் கொண்டுவந்து போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவதை அவர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். போய்க் குழாயைத் திறந்து கை கழுவினார். முகமும் கழுவினார். பிறகு வந்து பலகையை மறுபடி பிடித்துக்கொண்டார்.

"வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல."

"சொல்லிட்டு வந்திருக்கணும்மா" என்றார் மாயாண்டி. அந்தக் குரலில் கிண்டல் இல்லை. ஆனால் ரம்பம் அதற்குள் பலகையின் மறுபக்கத்துக்கு வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அவள் வீடு வந்தபோது தனேஷின் அறைக் கதவு திறந்திருந்தது. கார்த்திகேசு உடுப்பு மாற்றாமல், காவலர் சீருடையோடு வெறும் தரையில் உட்கார்ந்திருந்தார். கட்டில் கால்கள் நின்ற நாலு இடத்திலும் சிமெண்டு வேறு நிறத்தில் தெரிந்தது.

"கட்டில் எங்க?"

"சுடுகாட்டுல. சங்குல், பாராங்கெல்லாம் வைக்க ரேக் அடிக்கிறேன். அன்னைக்கு என் கால்ல விழுந்துச்சுல்ல..."

"ரேக்."

"பலகை வேணும்னு..."

"அறுத்துட்டியா?"

"அறுத்தாச்சு."

அவர் தலையை ஆட்டினார். பிறகு, "நான் தெனமும் அதுலதான் படுப்பேன்" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. "எதுல?"

"அவன் கட்டில்ல. நீ போனதும் வந்து படுப்பேன். நீ வர்ற நேரம் பார்த்து எந்திரிச்சு சோபாவுக்குப் போயிருவேன். வேற எங்க படுத்தாலும் எனக்குத் தூக்கம் வரல."

நவமணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். தினமும் கசங்கிக் கிடந்த விரிப்பு கண்முன் வந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க."

"என்னான்னு சொல்றது? நீங்கதானே கூப்பிட்டீங்கன்னு கேட்டியே. கூப்பிட்டுச் சாகடிச்சவன் இப்ப அவன் கட்டில்லயே போய்ப் படுக்குறான்னு சொல்லவா?"

"நான் அப்படிச் சொல்லலைங்க."

"வேற எப்படிச் சொன்ன?"

அவர் சுவரைப் பிடித்து எழுந்தார். கத்தியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அவர் குரல் ஏறவே இல்லை.

"நீ தெனமும் அவன்கிட்டப் போற. போய் உக்காந்துட்டு வர்ற. எனக்கு அங்க வர மூஞ்சி இல்ல. எனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான் நவமணி. அதையும் அறுத்துட்ட."

துணிப்பையில் இரண்டு சட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, மோட்டாரை எடுத்துக்கொண்டு பீடோருக்கு, அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். வேலைக்குக்கூட லீவு சொன்னதாகப் பிறகு புஷ்பலதா போனில் சொன்னாள். "சாப்பிட மாட்டேங்கிறான்லா. என் மகள் பரிசத்துக்குன்னு கூப்பிட்டதுதானேன்னு எங்க மூஞ்சியையும் பார்க்க மாட்டேங்கிறான். என்னா நடந்துச்சு அங்க?" நவமணி நடந்ததைச் சொன்னாள். "அடிப்பாவி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் புஷ்பலதா வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நவமணி இடுகாட்டுக்குப் போகவில்லை. எழுந்து குளிப்பாள். தேநீர் போடுவாள், குடிக்காமல் ஊற்றுவாள். அறுத்ததை ஒட்ட முடியுமா என்று ஒரு பகல் முழுவதும் யோசித்தாள். பசை போட்டு, பட்டை வைத்து, ஆணி அடித்து... தொழிற்சாலையில் பிளந்த பலகையை அப்படிச் சேர்ப்பதைப் பார்த்திருக்கிறாள். ஆனால் பள்ளம் பள்ளமாக வெட்டிய தலைமாட்டை என்ன செய்வது? தன் மகன் தலை வைத்த மரத்தில் தானே உளியை வைத்திருக்கிறாள். தினமும் மழை வேறு பெய்தது. அறுத்துப் போட்ட மரம் நனைந்து ஊறிக் கிடக்கும், சீக்கிரமே பூஞ்சை பிடித்துவிடும் என்று நினைத்தபோது அவளுக்கு உட்காரவும் முடியவில்லை, போகவும் கால் வரவில்லை.

மழை விட்ட ஒரு காலை எப்படியோ கிளம்பிப் போனாள். பொண்டோக்குக்கு வெளியே அவள் விட்டுவிட்டு வந்த இடத்திலேயே மரம் இருந்தது. ஆனால் நனையவில்லை. வெட்டி வைத்த குழியில் மழைத்தண்ணீர் இறங்காமல் மூடுகிற நீலக் கேன்வாஸை மாயாண்டி அதன்மேல் இழுத்துக் கட்டியிருந்தார்.

"நீங்களே அடிச்சிருக்கலாமேண்ணே."

"அது எப்படி? உன் சாமான்ல நான் எப்படி ஆணி அடிக்கிறது?" அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "சண்டையா?"

"பீடோருக்குப் போயிட்டாரு."

மாயாண்டி ரம்பத்தை எடுத்துக் கொடுத்தார்.

அந்த வேலையை முடித்ததில் அவளுக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. வெட்டியாயிற்று, இனி இது ஏதாவது ஒன்றாகத்தான் ஆக வேண்டும், வெறும் துண்டாகக் கிடக்கக் கூடாது என்பதால் செய்தாள். நட்டச் சட்டங்களைத் தரையில் படுக்க வைத்துக் குறுக்குப் பலகைகளைத் திருகாணி போட்டு இறுக்கினாள். பின்னால் இரண்டு சாய்வுக் கட்டைகள் கொடுத்தாள், ஆடாமல் நிற்க. அடித்தொட்டியை அடித்தாள். குட்டையான சட்டத்துக்கு அடியில் ஒரு துண்டுக் கட்டை வைத்துச் சமப்படுத்தினாள். மாயாண்டியும் அவளுமாகத் தூக்கி நிறுத்திப் பொண்டோக் சுவரோடு சேர்த்து ஆணி அடித்தார்கள். அப்போதும் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்துதான் நின்றது. மாயாண்டி மூலைக் குவியலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, மண் தட்டி, பழைய மோட்டார் எண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்துக் கொடுத்தார். அவள் மாட்டினாள். மண்வெட்டிகள் மேலே, புல்வாரி ஓரத்தில், பாராங்கும் அரிவாளும் பக்கவாட்டில் அடித்த ஆணிகளில், முனை சுவரைப் பார்த்து.

தலைமாட்டுப் பலகையின் கறுத்த பகுதி நடுவில், கண்ணுக்கு நேராக வந்திருந்தது. அவள் அங்கே பள்ளம் வெட்டவில்லை. அந்த இடத்தில் எதுவும் மாட்டவும் இல்லை.

சில நாள் கழித்து ராக்காயி என்ற கிழவி இறந்து போனாள். பழைய தோட்டத்து லயவீட்டில் பிறந்து, வரிசை வீட்டில் செத்தவள். காலையிலேயே வெட்ட வேண்டிய குழி. மழையில் ஊறிய மண், தோண்டத் தோண்ட ஓரம் சரிந்தது. வருகிறேன் என்று சொன்ன ஆளில் ஒருவன் வரவில்லை. மாயாண்டியும் இன்னொருவனும் மாறி மாறி வெட்டிக்கொண்டிருந்தார்கள். மாயாண்டிக்கு மூச்சு இரைத்தது. நவமணி இறங்குகிறேன் என்றாள். வேண்டாம், காலில் தையல் பிரித்த இடம் இன்னும் கெட்டிப்படவில்லை என்று அவர் விரட்டினார்.

அந்த நேரத்தில்தான் கார்த்திகேசுவின் மோட்டார் மேட்டில் ஏறி வந்தது. அவர் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றார். முகம் வற்றியிருந்தது. சவரம் செய்யவில்லை. நவமணி எழுந்தாள். பக்கத்தில் போகப் பயமாக இருந்தது.

"எங்க?" என்றார்.

மகனைக் கேட்கிறாரா கட்டிலைக் கேட்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. கை தன்னால் பொண்டோக்கைக் காட்டியது.

அவர் உள்ளே போனார். அவள் வாசலில் நின்றாள். அவர் நட்டச் சட்டத்தில் கை வைத்து மேலிருந்து கீழ்வரை தடவினார். பிறகு தலைமாட்டுப் பலகைக்கு வந்தார். கறுத்த இடத்தில் உள்ளங்கையைப் பதித்து, நெற்றியையும் அதன்மேல் வைக்கப் போனார். ஹெல்மெட் பலகையில் இடித்தது. அதைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு மறுபடி நெற்றியை வைத்தார். அவர் தோள் குலுங்கியது. மகன் செத்த நாளிலிருந்து அவர் அழுது நவமணி பார்த்தது அதுதான் முதல் தடவை.

வெளியிலிருந்து மாயாண்டி கூப்பிட்டார். "யாருலா அங்க? ஒரு ஆள் வாங்கலா. ஓரம் சரியுது, பொணம் வர்ற நேரமாச்சு."

கார்த்திகேசு முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். எட்டி ஒரு மண்வெட்டியை எடுத்தார். அது பள்ளத்திலிருந்து சிக்காமல் வந்தது. நவமணியைத் தாண்டிப் போய்க் குழிக்குள் இறங்கினார்.

காவல் வேலை பார்த்துப் பார்த்து அவர் கை மெத்தென்று ஆகியிருந்தது. சீக்கிரமே தோல் உரிந்தது. மாயாண்டி போதும் என்றார், அவர் கேட்கவில்லை. மார்பளவு, பிறகு தலை மறையும் அளவுக்கு இறங்கினார். வெளியே வந்து விழுந்த மண் மட்டும் தெரிந்தது. சவ வண்டி மேட்டில் ஏறும் சத்தம் கேட்ட பிறகுதான் மேலே கைகொடுக்கச் சொன்னார்.

ராக்காயியின் ஆட்கள் வந்தார்கள். பெட்டி இறங்கியது. கைமண் போட்டு முடிந்ததும் மாயாண்டியின் ஆள் உள்ளே போய் மீதி மண்வெட்டிகளை எடுத்து வந்து நீட்டினான். யாரும் யாரையும் எங்கே என்று கேட்கவில்லை. கிழவியின் மகள் குனிந்து அழுதுகொண்டே இருந்தாள். மூடும்போதும் கார்த்திகேசு நின்று மண் தள்ளினார்.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு அவர் தனேஷின் மேட்டுக்கு வந்தார். வழியை நவமணி காட்ட வேண்டியிருந்தது. புதைத்தபோது இருந்த மேடு இறங்கிப் போயிருந்தது. சுற்றிலும் புதிதாக நாலைந்து மேடுகள். கையில் ஒட்டிய மண்ணோடு அவர் நின்றார்.

"நான் அன்னைக்கு ஆஸ்பத்திரில அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க" என்றாள் நவமணி.

"சொல்லிட்ட."

அவள் காத்திருந்தாள்.

"நீ சொல்லாட்டியும் நான் அதைத்தான் நெனச்சிருப்பேன்" என்றார். "நீ சொன்னதால ரெண்டு பேர் நெனச்ச மாதிரி ஆயிருச்சு."

அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. கட்டிலை அறுத்ததை மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. குனிந்து ஒரு லாலாங் கொத்தைப் பிடித்து இழுத்தார். வேர் அறுந்து இலை மட்டும் கையோடு வந்தது.

"அடியோட எடுக்கணும்" என்றாள் அவள். "இல்லாட்டி ரெண்டே நாள்ல திரும்பி வந்துரும்."

அவர் விரலை மண்ணுக்குள் விட்டுத் தோண்டினார். உரிந்த தோலில் மண் பட்டு எரிந்திருக்க வேண்டும். கையை ஒருமுறை உதறிவிட்டு மறுபடி தோண்டினார். அவளும் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். வெயில் சாயும்வரை இருவரும் புல் பிடுங்கினார்கள்.

வீட்டுக்கு அவள் அவர் மோட்டாரின் பின்னால் உட்கார்ந்து வந்தாள். பீடோருக்குத் திரும்பிப் போகப் போகிறாரா என்று கேட்க நினைத்தாள், கேட்கவில்லை. வாசல் கேட்டுக்கு முன்னால் நிறுத்தியபோது அவர், "கைக்குப் போட மருந்து ஏதாச்சும் இருக்கா?" என்றார். இருக்கிறது என்றாள். அவர் உள்ளே போய், தனேஷின் அறையில் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த மெத்தையைத் தரையில் சாய்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினார். அவள் மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் போனாள்.